லேசர் துப்பாக்கியும் என் தோள் துண்டும்

கோவில்பட்டி பொருட்காட்சிக்கு லேசர் துப்பாக்கி விளையாட்டு வந்திருக்கிறது. இன்று மகளோடு போனேன். நெஞ்சில் சென்சார் வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் சுட வேண்டும். பட்டால் சட்டையில் விளக்கு எரியும்.

எட்டு வயதுக்காரி விடாமல் சுட்டாள். என் சட்டையில் விளக்கே எரியவில்லை.

வாசலில் நின்ற ஊழியரைக் கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "புள்ளைக்குக் குறி பாக்கத் தெரியல அண்ணாச்சி" என்றார்.

மகள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கு எதுவுமே வராதுப்பா."

சட்டை மாட்டிவிடும் பெண் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, தோள்ல கெடக்க துண்டை மொதல்ல எடுங்க. சென்சாரை மூடிக்கிட்டுக் கெடக்கு. ஒங்க புள்ள நல்லாத்தான் சுடுதா."

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லல. மொத நாளே நானும் மாட்டி வெளையாடிப் பாத்தேன். எனக்குத் துப்பட்டா மறைச்சிட்டு."

துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். பதினோரு முறை செத்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை மகள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

விற்கிற பொருளைத் தானும் ஒரு தடவை பயன்படுத்திப் பார்த்த கடைக்காரர் உங்கள் ஊரில் உண்டா? சொல்லுங்கள், துண்டை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.