சிமெண்ட் அடைத்த பொந்து

என் அக்கா வீட்டுக்காரரை மர டாக்டர் என்பார்கள். நாற்பது அடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி போனில் சாவகாசமாகப் பேசுவார். வீட்டில் பல்பு போனால் மட்டும் ஸ்டூல் மேல் ஏறமாட்டார். "ஸ்டூலை எல்லாம் நம்ப முடியாது" என்பார். அக்காதான் ஏறி மாட்டுவாள். இவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு "பாத்து, பாத்து" என்று பதறுவார். இருபத்தாறு வருடமாக அவருக்குக் கீழே நின்று கயிறு பிடிக்கிறவன் நான். மாமாவின் உயிர் என் கையில் இருப்பதாக அக்கா என்னை எச்சரிக்காத நாள் கிடையாது. என் உயிரை அவர் வாங்குவது பற்றி அக்காவுக்கு ஒரு கவலையும் இல்லை.

வேலை கொடுக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"உச்சியை வெட்டிக் கொஞ்சம் குட்டையாக்கிடுங்க" என்பார் வந்தவர்.

"உங்க தலையை வெட்டினா குட்டையாவீங்களா, செத்துப்போவீங்களா?" என்பார் மாமா.

வந்தவர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார். இந்த வாயை வைத்துக்கொண்டும் எங்கள் இரண்டு குடும்பமும் சாப்பிடுகிறது என்றால் அவர் கைதான் காரணம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் காலர் போல ஒரு வீக்கம் இருக்கும். ரம்பம் அதற்கு வெளியேதான் ஓட வேண்டும். பாரமான கிளை என்றால் முதல் வெட்டு அடியில், இரண்டாவது சற்றுத் தள்ளி மேலே, மிஞ்சிய கட்டைக்குக் கடைசியாக ஒன்று. நேராக மேலிருந்து அறுத்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். வெட்டிய இடத்தில் தார் பூசக் கூடாது. முள் வைத்த பூட்ஸோடு உயிருள்ள மரத்தில் ஏறக் கூடாது. ஏறினவனைப் பார்த்துவிட்டால் அன்று முழுக்க எனக்குத்தான் திட்டு விழும், ஏறியது நானாக இல்லாவிட்டாலும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கோபம் உண்டு. மரத்துப் பொந்தில் எவனாவது சிமெண்ட் அடைத்திருந்தால் மாமாவுக்குத் தலைக்கேறிவிடும். மரம் காற்றில் ஆடும், சிமெண்ட் ஆடாது. நடுவில் இடைவெளி விழும், தண்ணீர் இறங்கும், உள்ளே ஊறிக்கொண்டே கிடக்கும். அதைவிடப் பெரிய பாவம், அடைப்பதற்கு முன்னால் உளியால் சுரண்டுவது. மரத்துக்குக் காயம் ஆறாது. அழுகலைச் சுற்றித் தானே ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு அதற்கு வெளியே வளரும். சுரண்டுகிறவன் அந்தச் சுவரை உடைத்து, அழுகலை உள்ளே அழைத்துப் போகிறான். இதை மாமா யார் கிடைத்தாலும் நிறுத்திவைத்துச் சொல்வார். சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: தொழிலுக்கு வந்த புதிதில் நாங்களும் அதைத்தான் செய்தோம். மூன்று வருடம் ஊரெல்லாம் சுரண்டினோம், அடைத்தோம். சிமெண்ட் குழைத்தது நான். அந்த மூன்று வருடத்தை மாமா தன் வரலாற்றிலிருந்து கிழித்து எறிந்துவிட்டார்.

போன வருடம் ஒரு வக்கீலம்மா கூப்பிட்டார். ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம். அதில் ஒரு பெரிய கிளை மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் கிளினிக் மேல் நீண்டிருந்தது. அதன் நிழலில்தான் பெஞ்சு போட்டு நோயாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். மரம் விழும் என்று பல் டாக்டர், விழாது என்று வக்கீலம்மா. பதினோரு வருடச் சண்டை. புகார், பதில் புகார், மதிலுக்கு மேலே முறைப்பு. கடைசியில் இருவரும் சலித்துப்போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்: மர டாக்டர் என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு. மரம் இருப்பதும் போவதும் மாமாவின் ஒரு வார்த்தையில் இருந்தது.

மாமா முதலில் ஏறவில்லை. வேரைச் சுற்றி மண்டியிட்டுக் காளான் இருக்கிறதா என்று பார்த்தார். கொட்டாப்புளியால் தண்டைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். நல்ல கட்டை டக்கென்று சொல்லும், பொந்து இருந்தால் பானையைத் தட்டியதுபோல் வரும். பிறகு கவை வழியாகக் கயிறு போட்டு ஏறினார். இருவரும் கீழே ஆளுக்கொரு நாற்காலியில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இருபத்தைந்து அடி உயரத்தில், அந்தக் கிளை பிரியும் இடத்துக்குக் கீழே, தட்டின சத்தம் மாறியது. மூடி வளர்ந்திருந்த பட்டையின் ஓரத்தை மாமா உளியால் லேசாக நெம்பினார். உடனே அர்ச்சனை ஆரம்பமானது.

"எவன்டா இவன்! சிமெண்ட்டை வெச்சு அடைச்சிருக்கான்! இவனைப் புடிச்சு இவன் வாயில சிமெண்ட் அடைக்கணும்!"

வக்கீலம்மாவின் முகம் சுருங்கியது. பல் டாக்டருக்கு உற்சாகம். "சொத்தையை எடுக்காம மேலே அடைச்சா இப்படித்தான். எங்க தொழில்ல இதைப் பண்ணினா லைசென்ஸ் போயிடும்" என்றார், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

மேலே திட்டு திடீரென்று நின்றது. மாமா பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லை.

"மச்சான், மேல வா" என்றார். குரலே அவருடையதாக இல்லை.

மேலே ஏறுவது எனக்குப் பிடிக்காத வேலை. இரண்டாவது கயிற்றில் ஏறிப் பக்கத்தில் போனேன். பட்டை விலகிய இடத்தில், சிமெண்ட் ஈரமாக இருந்தபோது ஆணியால் கீறிய கையெழுத்து. கீழே தேதி. இருபத்துமூன்று வருடத்துக்கு முந்தையது. அப்போது இந்த இடத்தில் ஒரு அச்சகம் இருந்தது, வாசலும் அந்தப் பக்கத் தெருவில். அதனால்தான் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தைத் தினமும் பார்க்கிறவன் நான். அக்கா பிள்ளைகளின் ரேங்க் கார்டில்கூட அதுதான் இருந்தது.

"பட்டையைத் திருப்பி வெச்சு அமுக்கிடுங்க மாமா" என்றேன் மெதுவாக. "யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் மெல்லிய நீளத் துளைக்கம்பியை எடுத்துப் பொந்தைச் சுற்றி நாலு இடத்தில் இறக்கினார். அழுகல் வந்தால் பழுப்பு மாவு கொட்டும். நாலு இடத்திலும் ஒரு சாண் ஆழத்துக்கு வெளுப்பான, காய்ந்த துருவல்தான் வந்தது. நாங்கள் உடைத்த சுவருக்கு வெளியே மரம் இன்னொரு சுவர் எழுப்பியிருந்தது. எங்கள் வைத்தியத்தையும் மீறிப் பிழைத்திருந்தது.

"கிளை பாரத்தை மூணுல ஒரு பங்கு குறைச்சா போதும். அப்புறம் கல்லு மாதிரி நிக்கும்" என்றார்.

"அப்ப அதை மட்டும் சொல்லுங்க. கையெழுத்துக் கதை எதுக்கு?"

"பாதி சொன்னா அது பொய்தான் மச்சான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டூலுக்குப் பயப்படுகிறவருக்கு இதில் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தத் துணிச்சல்?

கீழே இறங்கி, இடுப்புப் பட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "சிமெண்ட் அடைச்ச முட்டாள் நான்தாங்க. ஆனா மரம் தன்னைக் காப்பாத்திக்கிச்சு. தாராளமா நிக்கும்."

வக்கீலம்மா எழுந்து உள்ளே போய் ஒரு பைலோடு வந்தார். வீட்டுப் பத்திரத்தோடு அவருக்கு வந்த தாள் அதில் இருந்தது. இருபத்துமூன்று வருடத்துக்கு முன் அச்சகத்துக்கு மாமா எழுதிக் கொடுத்தது: மரம் பூரண ஆரோக்கியம், இனி ஐம்பது வருடத்துக்குக் கவலையில்லை. அந்தத் தாளை நம்பித்தான் எங்களையே கூப்பிட்டிருக்கிறார். சமயம் வரும்வரை வெளியே எடுக்காதது வக்கீல் புத்தி.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க."

"அன்னைக்கு உறுதியா எழுதினீங்க. செஞ்சது தப்புன்னு நீங்களே சொல்றீங்க. இன்னைக்கும் அதே மாதிரி உறுதியா சொல்றீங்க. இதை எதை வெச்சு நம்பறது?"

மாமா துளைக்கம்பியைக் காட்டினார், துருவலைக் காட்டினார், சுவர், பாரம் என்று என்னென்னவோ சொன்னார். குறுக்கு விசாரணையில் துருவல் எடுபடவில்லை.

"அந்த பெஞ்சுல குழந்தைங்க உக்காருதும்மா" என்றார் பல் டாக்டர்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக வக்கீலம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "வெட்டிடலாம் டாக்டர்" என்றார். உள்ளேயிருந்து அவருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். எங்களுக்கும் சேர்த்துத்தான். மாமா குடிக்கவில்லை.

மெஷின் ரம்பக்காரர்களைக் கூப்பிட்டால் மதிலோடு சாய்ப்பார்கள் என்று மாமாவே வெட்ட ஒத்துக்கொண்டார். மூன்று நாள் வேலை. உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்கினோம். போகப்போகிற மரத்துக்கும் அவர் முள் பூட்ஸ் போடவில்லை, அடியில் ஒன்று மேலே ஒன்று என்று முறையாகத்தான் வெட்டினார். எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பொந்து இருந்த துண்டு இறங்கியது. அறுத்த முகத்தைப் பார்க்க இருவரும் ஒன்றாக வந்து நின்றார்கள். நடுவில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட். அதைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. அதற்கு வெளியே ஒரு சாணுக்குக் குறையாமல், கெட்டியாக, வெளுப்பாக, ஒரு புள்ளிகூட இல்லாத மரம். பல் டாக்டர் குனிந்து தடவினார். பல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புரியாமல் இருக்காது.

"நல்லாத்தானே இருந்திருக்கு" என்றார் மெதுவாக.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார், உள்ளே போனார். அடுத்து வந்த நோயாளிகள் வெயிலில் உட்கார முடியாமல் பெஞ்சைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

வண்டியில் கயிற்றை ஏற்றும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. "அன்னைக்கு வாயை மூடிக்கிட்டிருந்தா மரம் நின்னிருக்கும் மாமா" என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"தெரியும்" என்றார். வண்டியின் பின்கதவைச் சாத்திவிட்டு, கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். "அந்த மூணு வருஷத்துல நாம அடைச்ச மரம் ஊருக்குள்ள இன்னும் நிறைய நிக்குது மச்சான். எதுலயாவது ஏறச் சொல்லிக் கூப்பிடுவாங்க. நான் மறுபடியும் இதையேதான் சொல்லுவேன். எனக்கு அதான் பயமா இருக்கு."