பி குடுவையை ஏன் கொட்டினோம்

1. பிளீச்

ஆய்வகத்தில் சேர்ந்த ஐந்தாவது வாரம், பி குடுவையில் இருந்த செல்களை பிளீச் ஊற்றிக் கொன்றேன். விதிப்படிதான் செய்தேன். வளர்ப்புத் திரவம் சிவப்பிலிருந்து மஞ்சளானால் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். உடனே பிளீச், பிறகு கழிவுப் பதிவேட்டில் ஒரு வரி. ஜொகூர் புழுக்கத்தில் கிருமி சட்டென்று பரவிவிடும் என்று அப்படி ஒரு பயம்.

செல்கள் கவிதா அக்காவுடையவை. முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டு. கோத்தா திங்கி வீட்டில் வெள்ளம் புகுந்ததால், குடுவைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். ஏ-யில் சாதாரணச் செல்கள். பி-யில் அக்குவாபோரின் கூடுதலாக உள்ளவை. அது செல்லின் சவ்வில் தண்ணீருக்கு வாசலாக இருக்கும் புரதம். வாசல்கள் கூடினால் செல் சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் பிரியுமா? இதுதான் அவர் கேள்வி. ‘வித்தியாசம் இல்லை’ என்று அத்தியாயத்தை எழுதியும் முடித்துவிட்டார். திங்கட்கிழமை பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

2. போன்

“பி மஞ்சளாயிருச்சுக்கா. பிளீச் ஊத்திட்டேன்.”

“அலமாக், மறுபடியுமா! கலங்கி இருந்துச்சா?”

“இல்லக்கா. தெளிவாத்தான் இருந்துச்சு.”

அங்கே சேறு தள்ளிக்கொண்டிருந்த துடைப்பத்தின் சத்தம் நின்றது.

“மைக்ரோஸ்கோப்ல பாத்தியா?”

“இல்லக்கா.”

“நானும் பாத்ததில்லலா. பதிவேட்ட எடு.”

எடுத்துப் படித்துக் காட்டினேன். ‘பி, மஞ்சள், கொட்டப்பட்டது.’ என் வரிக்கு மேலே அதே போல ஆறு வரிகள், எல்லாம் அக்காவின் கையெழுத்து. ஏ ஒரு முறைகூட இல்லை. பாக்டீரியா என்றால் திரவம் கலங்கும். தெளிவான மஞ்சள் என்றால், செல்களே வேகமாகப் பெருகித் திரவத்தைப் புளிக்க வைத்து நிறம் மாற்றியிருக்கலாம். வேகமாக வளர்ந்த பி-க்களைக் கொன்றுவிட்டு, மெதுவாக வளர்ந்தவற்றை மட்டும் எண்ணியிருக்கிறோம்.

“அப்போ சாப்டர்?”

“குப்பை. ஒரு வருஷமா பதில சிங்க்ல ஊத்தியிருக்கேன்.”

3. கடைசிக் குப்பி

அக்கா அத்தியாயத்தைக் கொடுக்கவில்லை. காரணத்தைப் பேராசிரியரிடம் அப்படியே சொல்லி, இன்னொரு பருவம் அவகாசம் கேட்டு வாங்கினார். நைட்ரஜன் தொட்டியில் உறைந்திருந்த பி குப்பி ஒன்றே ஒன்று. உருக்கி, ஏ-யும் பி-யும் சம எண்ணிக்கையில் போட்டோம்.

மூன்றாம் நாள் பி மஞ்சள். மைக்ரோஸ்கோப்பில் கிருமி இல்லை. இடமே இல்லாமல் செல்கள். பல, பிரிவதற்காக உருண்டு நின்றன.

“நீ எண்ணு. என் கண்ண நான் நம்ப மாட்டேன்,” என்றார் அக்கா.

எண்ணினேன். பி வெகுதூரம் முந்தியிருந்தது. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து திருத்த உட்கார்ந்தார்.

புதிதாகச் சேர்பவர்களுக்காக நான் எழுதி ஒட்டியிருக்கும் விதிப் பட்டியலில் இப்போது இரண்டே வரி. கொட்டுவதற்கு முன் பாருங்கள். கொட்டிவிட்டால், கொட்டியதையும் கணக்கில் சேருங்கள்.