வெறும் வயிற்று மாத்திரை

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் ‘செக்கர்’ என்றுதான் கூப்பிடுவோம். சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. தையல் விட்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டும் போதாது; தப்பு எந்த மெஷினில் வந்தது என்று தேடிப்போய்ச் சொல்லவும் வேண்டும். காலர் கோணினதற்குப் பொத்தான் வைத்தவளைத் திட்டி என்ன பிரயோஜனம் என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஐந்து வருடமாக மாதவிலக்கு சரியில்லை. மூன்று மாதம், நான்கு மாதம் தள்ளிப்போகும். மோவாயில் முடி வேறு. எடையும் ஏறியது. ஸ்கேன் எடுத்தவர் சினைப்பையில் நீர்க்கட்டி, பிசிஓஎஸ் என்றார். என் மாமியாருக்கு அந்தப் பேரெல்லாம் வேண்டியிருக்கவில்லை.

"வாயைக் கட்டுடி. எல்லாம் தானா சரியாயிடும்."

கட்டினாள். ஒருவேளைச் சோறு, அதுவும் பூனைக்கு வைக்கிற அளவு. மாமியார் தட்டையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பார். இரண்டாம் கரண்டிக்குக் கை நீண்டால் ஓர் இருமல். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருமகள் வாய் திறந்தால் அது வேறு வம்பு, பேசாமல் இருந்தேன். போன மாதம் செக்கர் சட்டைக் குவியல் மேலேயே மயங்கி விழுந்தாள். அதற்கப்புறம்தான் மூன்று பேரும் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம்.

"வீட்டுல யாருக்காவது தைராய்டு இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"எங்க வம்சத்துலயே கிடையாது," என்றார் மாமியார்.

"அதை எதுக்கு டாக்டர் கேக்குறீங்க?" என்றாள் செக்கர்.

"நோயை எதிர்க்கிற சக்தி இருக்கில்ல, சில பேருக்கு அது ஆள் தெரியாம சொந்த உடம்பையே தாக்கும். தைராய்டை அப்படித் தாக்குறது பிசிஓஎஸ் இருக்கறவங்ககிட்ட கொஞ்சம் அதிகமா தெரியுது. அதுதான் காரணமான்னு இன்னும் யாராலயும் உறுதியா சொல்ல முடியல. ஆனா குடும்பத்துல வர்ற விஷயம். ரத்தத்துல பாத்துடலாம்."

"அப்ப நான் தின்னதால வந்தது இல்லையா?"

"சாப்பாட்டு மேல மட்டும் பழி போட முடியாதும்மா. பட்டினி கிடந்தா மயக்கம்தான் வரும். தைராய்டு இருந்தா மாத்திரை தர்றேன். காலைல வெறும் வயித்துல, காபிக்கு அரைமணி முன்னாடி போட்டுக்கணும்."

செக்கர் மெல்ல அம்மா பக்கம் திரும்பினாள். நானும் திரும்பினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்: மாமியார் எழுந்ததும் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை எடுப்பார். அரைமணி கழித்துத்தான் காபி. கேட்டால் சத்து மாத்திரை. அடேயப்பா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்!

"அம்மா, அது சத்து மாத்திரையா?"

மாமியார் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். "இருபத்தஞ்சு வருஷமா போடுறேன். வெளிய தெரிஞ்சா உன்னை யாருடி கட்டுவா?"

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். செக்கர் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மாத்திரையை மறைச்சே, சரி. என் தட்டை ஏம்மா எண்ணினே?"

"என்கிட்டேருந்து வந்துடுச்சோன்னு பயமா இருந்துச்சுடி," என்றார் மாமியார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது, கோபமும் போகவில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். செக்கர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். பிறகு கரண்டியைக் கையில் பிடித்தபடியே அம்மாவைப் பார்த்தாள். மாமியாருக்கு இருமல் வரவில்லை.