மச்சானின் படகுக்கு வாங்கிய வழிகாட்டி

தொண்ணூறுகளின் நடுவில் ஏற்காடு பஜாரில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். கடலை அதுவரை நாலைந்து முறைதான் பார்த்திருப்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு பாய்மரப் படகுக்கு வழிகாட்டும் கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. காரணம் என் அக்காவின் கணவர்.

மச்சான் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு அதே மலையில் நாகலூரில் காப்பித் தோட்டத்தோடு உட்கார்ந்த பிறகும் கடல் அவரை விடவில்லை. கடலூரில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, மாதத்துக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய்ச் செப்பனிட்டார். மீனவ நண்பர் ஒருவரோடு அதில் காரைக்கால் வரை போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, கப்பலுக்கு அடியில எஞ்சின் பக்கத்துலயே இருந்த உங்களுக்குக் கரை எந்தப் பக்கம்னு என்ன தெரியுமுங்க? வழி காட்டற மிசினு இருந்தாத்தான் நீங்க போவோணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சாமி, நீதான் பாத்து வாங்கித் தரோணும். ரேடியோ தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கப்பலில் இன்னும் வேலையில் இருந்த மச்சானின் நண்பர் கடல் கருவிகளின் ஆங்கில விலைப் புத்தகம் ஒன்றை அனுப்பியிருந்தார். மச்சானின் விரல் நேராக ரேடார் பக்கத்தில்தான் போய் நின்றது.

"மாப்ள, இது ஒண்ணு இருந்தாப் போதும். மழை, பனி எதுவானாலும் கரை தெரியும்."

"படகுல பேட்டரி எத்தனைங்க மச்சான்?"

"ஒண்ணுதான். லாரி பேட்டரி."

"அப்ப இது வேண்டாமுங்க. இது குடிக்கிற கரண்டுக்கு உங்க பேட்டரி பாதி வழிகூட வராதுங்க."

விலையும் எங்கள் கைக்கு எட்டாது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை. பேட்டரி மேல் பழியைப் போட்டேன். இரண்டு வாரம் அவர் கடைப் பக்கம் வரவில்லை.

அந்த இரண்டு வாரமும் அகராதியை வைத்துக்கொண்டு புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். எவ்வளவு கரண்ட் இழுக்கும், நனைந்தால் தாங்குமா, ஒன்று கெட்டாலும் மற்றது ஓடுமா என்பதைத்தான் பார்த்தேன். திரையில் வரைபடம் காட்டும் அழகான கருவிகளை ஒதுக்கினேன். காகித வரைபடமும் திசைகாட்டியும் மச்சானிடம் ஏற்கெனவே இருந்தன. கடைசியில் இரண்டைச் சொன்னேன். ஒன்று, கையில் பிடித்துக்கொள்ளும் சின்ன ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிடமிருந்து சிக்னல் வாங்கி நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும். பென் டார்ச் செல்லிலேயே ஓடும். இன்னொன்று, படகுக்கு அடியில் தண்ணீர் எத்தனை ஆழம் என்று காட்டும் கருவி. அதைப் பழையதாகவே வாங்கலாம் என்றேன். அந்தக் கப்பல் நண்பர் சிங்கப்பூரிலிருந்து இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆழம் காட்டும் கருவியை ஏரியில் ஒரு துடுப்புப் படகிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தோம். கல் கட்டிய கயிற்றை இறக்கி அளந்ததும் அது காட்டியதும் ஒத்துப்போயின. ஜி.பி.எஸ்தான் என் மானத்தை வாங்கியது. நாகலூர்த் தோட்டத்தில் வைத்து அதை முடுக்கினோம். தேடுகிறது, தேடுகிறது, ஒரு மணி நேரமாகத் தேடுகிறது. செல்லை மாற்றினேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. இருப்பதிலேயே விலை குறைந்ததைப் பார்த்துச் சொன்னவன் நான். மச்சான் திரும்பி மிளகுக் கொடியில் காய்ந்த இலைகளைக் கிள்ள ஆரம்பித்தது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கருவியோடு வந்த சிறு புத்தகத்தை மறுபடி புரட்டினேன். வானம் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி. தலையைத் தூக்கினால் மேலே முழுக்க சில்வர் ஓக் மரம். கருவியை எடுத்துக்கொண்டு காப்பி காயப்போடும் களத்துக்கு ஓடினேன். சில நிமிடங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வந்தன. எனக்கு மூச்சும் வந்தது.

"இன்னும் நம்ப மாட்டனுங்க," என்றாள் அக்கா. "பனிக்குள்ள காட்டட்டும்."

மறுநாள் காலை ஜீப்பில் சேர்வராயன் கோயில் இருக்கும் மலையுச்சிக்குப் போனோம். அது பரந்த புல்வெளி. ஜீப் நிற்கும் இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, அக்காவை வண்டியிலேயே உட்காரவைத்துவிட்டு நானும் மச்சானும் நடந்தோம். கொஞ்ச நேரத்தில் பனி இறங்கி, பக்கத்தில் நின்ற மச்சானின் சட்டை நிறமே தெரியாமல் போயிற்று.

"வண்டி இந்தப் பக்கம் மாப்ள."

"இல்லீங்க, அந்தப் பக்கந்தானுங்க."

கருவி இருவரையும் மறுத்து வேறு பக்கம் காட்டியது. அதன்படியே நடந்தோம். வந்துவிட்டோம் என்று அது சொன்ன இடத்தில் வெறும் புல்தான் இருந்தது. மச்சான் கூப்பிட்டார். நூறடி தள்ளி அக்காவின் குரல் கேட்டது.

"இங்கதானுங்க இருக்கறேன்!"

அங்கேதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. அது பக்கத்தில் கொண்டுவந்து விடும், வாசலில் விடாது. "அப்ப கரைக்கிட்ட வந்தா ஆழத்தப் பாத்துத்தான் போவோணும்," என்றார் மச்சான். அவர் முகத்தில் இருந்த ரேடார் ஏக்கம் அன்றோடு போய்விட்டது.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் அவரும் மீனவ நண்பரும் கடலூரிலிருந்து கிளம்பினார்கள். நானும் அக்காவும் பஸ்ஸில் காரைக்கால் போய், மறுநாள் காலையிலிருந்து ஆறு கடலில் சேரும் இடத்தில் காத்திருந்தோம். மத்தியானம் வந்துவிட வேண்டியவர்கள். ஆனால் காலம் தப்பிய மழை ஒன்று பிடித்துக்கொண்டு கடலையே மறைத்துவிட்டது.

"அந்த மிசினு மழையில வேல செய்யுமா சாமி?"

"செய்யுங்கக்கா," என்றேன். செல் போடும் மூடியைச் சைக்கிள் டியூப் ரப்பரால் நான் இறுக்கிக் கட்டியது போதுமா என்று எனக்கே தெரியவில்லை. ரேடார் வாங்கச் சொல்லியிருக்கலாமோ, கடன்பட்டாவது வாங்கியிருக்கலாமோ என்று என்னென்னவோ ஓடியது.

நாலு மணி வாக்கில் மழை விட்டது. மச்சான் படகின் ஒட்டுப்போட்ட பாயை முதலில் பார்த்தது அக்காதான். என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது.

மழை கரையை மறைத்தபோது ஆற்று முகத்துவாரம் பக்கத்தில்தான் என்று ஜி.பி.எஸ் சொன்னதாம். அதே நேரம் ஆழம் மளமளவென்று குறைந்தது. எதிரே மணல்திட்டு என்று நண்பர் உடனே படகைத் திருப்ப, ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு, மழை விடும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்களாம்.

"ரெண்டுல ஒண்ணு இல்லாம இருந்தாலும் மணல்லதான் ஏறியிருப்போம் மாப்ள," என்றார் மச்சான், தலையைத் துவட்டிக்கொண்டே.

அக்கா டிபன் கேரியரைத் திறந்து, ஆறிப்போன புளிச்சோற்றை நண்பருக்கும் மச்சானுக்கும் வைத்தாள். "நாளைக்குப் படகுல திரும்பிப் போவீங்களா, பஸ்ஸுல வருவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"படகுலதான்," என்றார் அவர்.

"சரிங்க," என்றாள்.

அன்றிரவு அக்காவோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்தது சேலத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியதுதான்.