அவள் சொல்லவில்லை என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஸ்டெல்லா என்ற பெண்ணின் வேலை போயிற்று. என் மனைவிக்குக்கூடத் தெரியாது... உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மயிலாப்பூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் தையல் பிரிவைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். கடைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, எது முதலில், எது பிறகு என்று பட்டியல் போட்டு, நிரல் எழுதுகிறவர்களிடம் கொடுப்பது என் வேலை. இன்று அதற்கு ப்ராடக்ட் ஓனர் என்று பெயர். அன்று பெயரே கிடையாது. நிரல் எழுதியவர்கள் கடைப் படியை மிதித்ததில்லை. கடைக்காரர்கள் எங்கள் அலுவலகத்தைப் பார்த்ததில்லை. நடுவே 12பி பேருந்தும் நானும்!

ஸ்டெல்லா பட்டினப்பாக்கத்துக்காரி. கடையின் தையல் கவுன்ட்டரில் தைக்க வரும் ரவிக்கைத் துணியை வாங்கிக்கொண்டு சீட்டு எழுதுவாள். கல்யாணத் துணி என்றால் சீட்டின் மூலையை மடித்துவிடுவாள். உள்ளே தைப்பவர்கள் மடித்த சீட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். அந்தக் கடையின் வழக்கம் அது.

"சார், உங்க பொட்டிக்கு இன்னா தெரியும்? கல்யாணத் துணியும் சாதாத் துணியும் அதுக்கு ஒண்ணுதான். இந்த மடிப்புக்கு ஒரு வழி பண்ணிடுங்க சார். இல்லாங்காட்டி என் தலைதான் உருளும்."

அவள் கண்ணெதிரே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

விஜயதசமியன்று தொடங்கிவிட வேண்டும் என்று கடை முதலாளி நாள் குறித்துவிட்டார். அச்சாகும் சீட்டின் தலையில் மகாலட்சுமி படம் வர வேண்டும் என்றார். இருக்கிற நாளில் படமும் மடிப்பும் இரண்டும் முடியாது என்றான் நிரல் எழுதிய லட்சுமணன். முதலாளியின் கண்ணில் முதலில் படப்போவது எது? படம்தானே! பட்டியலில் மடிப்பை அடித்துவிட்டேன்.

"கவுன்ட்டர்ல இருக்கறவாளைக் கேட்டேளா? வேண்டாம்னுட்டாளா?" என்றான் லட்சுமணன்.

"வேண்டாமாம்" என்றேன்.

ஸ்டெல்லாவிடம், "அடுத்த வாரம் வந்துடும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? முதலாளியிடம் முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. லட்சுமணனிடம் உண்மையைச் சொன்னால் முதலாளியிடம் பேசச் சொல்வான். எல்லாப் பக்கமும் தலையாட்டிவிட்டு நடுவில் வசமாக மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் பேருந்தில் போகும்போது, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எங்கே ஓடுவது?

ஐப்பசி முகூர்த்தங்கள் வந்தன. கணினி, துணி வந்த தேதி வரிசைப்படி பட்டியல் போட்டுக் கொடுத்தது. மறுநாள் கல்யாணம் என்றிருக்க, ஒரு மணப்பெண்ணின் அம்மா ரவிக்கை வாங்க வந்தபோது துணி வெட்டப்படாமலே கிடந்தது. அந்த அம்மாள் கடைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

முதலாளி ஸ்டெல்லாவையும் என்னையும் கூப்பிட்டார். "கல்யாணத் துணிய முன்னாடி எடுக்கணும்னு சார்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன் மொதலாளி. சார் எழுதிக்கினாரு."

"என்ன சார், சொல்லிச்சா?"

ஒரு சொல் போதும்! 'ஆமாம்' என்ற ஒரே சொல்! சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? திட்டு வாங்கியிருப்பேன்... வேறென்ன?

"இல்ல சார்" என்றேன். "சொல்லல."

ஸ்டெல்லா கத்தவில்லை. "இன்னா சார் இது..." என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அன்றைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணத் துணிக்குத் தனிக் குறி போட லட்சுமணனுக்கு எத்தனை நாள் பிடித்தது தெரியுமா? ஒரு காலைப்பொழுது. பதினோரு மணிக் காபிக்கு முன் முடித்துவிட்டான்.

அதைக் கொண்டுபோய்க் கடையில் காட்டியபோது முதலாளி என் தோளைத் தட்டினார். பக்கத்தில் இருந்தவர்களிடம், "நாம வாய தொறக்கவே வேணாம். நமக்கு என்ன வேணும்னு சார் தானா புரிஞ்சுக்குவார்" என்றார்.

அந்தப் பாராட்டு என்னை விடவில்லை. ஒரு கடை இன்னொரு கடைக்குச் சொல்ல, அதிலேயே வளர்ந்தேன். இப்போதும் கூட்டங்களில் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்... சொல்லாததையும் கேட்கத் தெரிந்தவர் என்று. கைதட்டுகிறார்கள். நான் எழுந்து கும்பிடுகிறேன்.