எள்ளளவு வண்டும் ஏழாம் பிளாக்கும்

காளிதாசன் மலேசியாவின் செர்டாங்கில், எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர். ஆனால் அவரைப் பூச்சிக் கிறுக்கன் என்று சொன்னால்தான் ஊருக்கு அடையாளம் தெரியும். அந்தப் பெயரை வைத்தவர் அவருடைய சொந்த அக்கா காத்தாயி. ஐம்பத்தாறு வயது மனிதர் ஞாயிற்றுக்கிழமை தோறும் புல்லில் குப்புறப் படுத்து எறும்பை முறைத்துக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

எல்லாம் சுங்கைப் பட்டாணி நூர்தீன் பாயால் வந்த வினை. பாய் தன் போட்டோ ஸ்டூடியோவைக் காலி செய்தபோது பிலிம் கேமரா காலத்து லென்ஸ் ஒன்றைக் காளிதாசன் கையில் வைத்தார். "ஓரத்துல கொஞ்சம் பூஞ்சை பிடிச்சிருக்கு தம்பி. நடுவுல கண்ணாடி சுத்தம் லா. இதைத் திருப்பி மாட்டிப் பாருங்க, எறும்பும் யானையாத் தெரியும்" என்றார். காளிதாசனிடம் இருந்தது மகள் விட்டுப்போன டிஜிட்டல் கேமரா. அதற்கும் இந்த லென்ஸுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மனிதர் விடவில்லை. ஹார்ட்வேர் கடைத் தண்ணீர்க் குழாயில் விரல் நீளத் துண்டு அறுத்து, உட்புறம் கறுப்புச் சாயம் பூசி, ஒரு முனையில் கேமராவுக்கான வளையத்தையும் மறுமுனையில் முன்பின்னாகத் திருப்பிய லென்ஸையும் ஒட்டினார்.

முதலில் அகப்பட்டது ஒரு வீட்டு ஈ. அதன் கண்ணைத் திரையில் பார்த்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அருவருப்பு இல்லை. தினம் கைவீசி விரட்டுகிற ஒன்றின் முகத்தில் இவ்வளவு வேலைப்பாடா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினார். காத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பூச்சியைப் பத்தி மட்டும் எங்கிட்ட பேசாத."

காரணம் தம்பிக்குத் தெரியும். நாற்பது வருடங்களுக்கு முன்பு, காத்தாயி பதினேழு வயதுப் பெண்ணாக இருந்தபோது, தோட்டத்தில் மகரந்தம் ஊதும் வேலை பார்த்தார். முகப்பவுடரில் கலந்த மகரந்தத்தைப் பீச்சுக்குப்பியில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். ஊதினால்தான் காய் பிடிக்கும். அந்த வருடம் அவர் பொறுப்பில் இருந்த ஏழாம் பிளாக்கில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. வேலைக்கணக்குப் பார்க்கும் கிராணி எல்லோர் முன்னாலும் ஏசினார். அடுத்த மாதமே, ஆறு பெண்களில் முதல் ஆளாக அவரை நிறுத்தினார்கள். "உன் பிளாக்குல மகரந்தம் சுமக்கிற வண்டு விட்டிருக்கு. இனி அது பார்த்துக்கும்" என்றார்கள்.

காத்தாயியும் போய்ப் பார்த்தார். எள்ளளவில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. இதுவா தன் வேலையைச் செய்யப்போகிறது? தனக்குக் கைராசி இல்லை. அதை மூடி மறைக்கத்தான் வண்டுக் கதை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். பிறகு மற்ற ஐந்து பேரையும் நிறுத்தியபோதுகூட அந்த முடிவு மாறவில்லை. இன்றுவரை வாசலில் ஒரு மிளகாய் நாற்று நடுவதென்றாலும் பக்கத்து வீட்டு ஞானம்மாவைத்தான் கூப்பிடுவார். தன் கையால் மண்ணைத் தொட மாட்டார்.

அக்காவுக்கு அந்த வண்டைக் காட்டியே தீருவது என்று காளிதாசன் கிளம்பினார். நான்கு ஞாயிறுகள் பெண் பூக்களைச் சுற்றி அலைந்தார். கொசுக்கடிதான் மிச்சம். அதைக் கேட்டதும் காத்தாயிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இருபது வருஷமா குலை ஏத்துறவன், பொட்டப்பூவுல போய்த் தேடுனியா? அது இருக்கிறது ஆண் பூவுல. சோம்பு வாசம் அடிக்கும், மூக்கு இல்லையா உனக்கு?"

"நீயே வந்து காட்டுக்கா."

வர மாட்டார் என்றுதான் நினைத்தார். ஆனால் ஒரு வேலையைத் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அக்காவால் முடியாது. மறுநாள் காலை தோட்டத்தில் பத்து மரம் தாண்டியதும் நின்று, மூக்கை உயர்த்தி, "இந்த மரம்" என்றார்.

கைக்கெட்டும் உயரத்தில் ஆண் பூ மஞ்சளாக விரிந்திருந்தது. பழைய லென்ஸ் தானாக எதையும் செய்யாது. காளிதாசன்தான் மூச்சை அடக்கி, உடம்பை இம்மி இம்மியாக முன்னே சாய்க்க வேண்டும். நாற்பது படம் எடுத்தார். முப்பத்தொன்பது வெறும் மங்கல்.

மிச்சம் இருந்த ஒன்றைத் திரையில் விரித்து அக்காவிடம் நீட்டினார்.

காத்தாயி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். நீண்ட மூக்கும் அரக்கு நிற முதுகுமாகத் திரை முழுக்க ஒரு வண்டு நின்றது. முதுகில் மயிர். ஒவ்வொரு மயிரிலும் வெளிர் மஞ்சளாய்ப் பொடி அப்பியிருந்தது. அந்தப் பொடியை அவருக்குத் தெரியும். விரலிடுக்கிலும் தலைமுடியிலும் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பொடி.

"இதைத்தான்டா நாங்க ஊதுனோம்." "ஒரு பூவுல எத்தனை இருக்கும்?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்கா."

காத்தாயி நிமிர்ந்தார். அப்படியானால் அன்றைக்குச் சொன்ன வண்டு, தன் கையின் குறையை மூட வந்த கதையில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை. அத்தனை மரத்திலும், அத்தனை பூவிலும், ஏசுவதற்குக் கிராணி இல்லாமலே இந்த எள்ளளவு உயிர்கள் பொடி சுமந்து போய்க்கொண்டிருந்தன. கும்பிடப்போன கை பாதியில் நின்றது.

காளிதாசன் இன்னொரு படத்துக்குக் குனிந்தார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"போதும், வா. அது வேலை செய்யட்டும்."

வீட்டு வாசலில் லாரியை விட்டு இறங்கியதும் காத்தாயி பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஞானம்மா, உங்கிட்ட இருக்கிற மிளகாய் நாத்துல ஒண்ணைக் கொண்டா. நீ நட வேணாம். நானே நடுறேன்."