மண் பூசிய காயம்

உமாராணி அக்காவை யாராவது "மரத்தைக் கொன்றவள்" என்று சொன்னால் எனக்கு வயிறு பற்றி எரியும். மலேசியாவில், கூலிம் ஹைடெக் பூங்காவில் நாங்கள் கூட்டித் துடைக்கும் தொழிற்சாலையில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் தேவகி. அக்காவோடு பதினோரு வருடம் ஒரே தளத்தில் வேலை செய்தவள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொன்றது யார் என்று பிறகு பேசலாம்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே உளி பிடித்து அப்பாவோடு பால்மரம் சீவப் போனவர். சீவுகிறவர்களுக்குப் பாம்பைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. உளி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் அதற்குப் பெயர் காயம். கங்காணி சுற்றி வரும்போது அது கண்ணில் பட்டால் அந்த மர வரிசைக்குப் பொறுப்பான நிரைக்காரன் தொலைந்தான்.

அக்காவின் அப்பா ராமையா ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தபோது, அவருக்குப் பதிலாகப் போனவன் மூன்று மரத்தில் காயம் போட்டுவிட்டான். வேலை போனது ராமையாவுக்கு. "நான் போடலைங்க" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நிரை அவருடையது, ஆகவே காயமும் அவருடையது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே பழக்கம். காயத்தைப் பார்த்தால் முதலில் ஈரமண்ணைப் பூசி மூடு, யார் போட்டது என்று அப்புறம் யோசி.

தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு மாறியது, அக்கா கூலிமுக்கு வந்தார். தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கழிப்பறை கழுவினார். அதற்குள் எங்களை வேலைக்கு எடுக்கும் குத்தகைக்காரர்கள் நான்கு பேர் மாறினார்கள். ஒவ்வொருவரிடமும் அக்கா புது ஆள்தான். பழைய சர்வீஸ் எல்லாம் தண்ணீரில் கரைத்த உப்பு. கம்பெனியின் நிரந்தர ஆள் என்று ஒரு கடிதம் கையில் வாங்கிவிட வேண்டும், அறுபது வரைக்கும் எவனும் அசைக்கக் கூடாது. அக்காவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதை 'பெர்மனன்' என்று சொல்லும்போதே அவர் குரல் குழையும்.

மேனேஜர் சுகுமாரன் நம்ம ஆள். எங்களை அக்கா என்று கூப்பிடுவார். அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் குளிர்ந்து போயிருந்தோம், என்னத்தைச் சொல்ல! அவர் அறையில் ஒரு போன்சாய் இருந்தது. ஒரு சாண் உயரம், முறுக்கிய தண்டு, ஊசி ஊசியாக இலை. ஜூனிப்பராம். தலைமையகத்துப் பெரிய முதலாளி தன் கையால் கொடுத்த பரிசு. இரவும் பகலும் ஏர்கான் ஓடும் அறையில், வெயில் படாமல், ஒரு வருடமாக அது மேசை மேல் உட்கார்ந்திருந்தது.

ஆறு வார விடுமுறைக்குக் கிளம்பும்போது சுகுமாரன் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, மரம் கொஞ்சம் டல்லா இருக்கு. நீங்க எஸ்டேட்ல மரத்தோடயே வளந்தவங்க. வீட்டுக்குக் கொண்டு போயி பாத்துக்குங்க லா. நான் திரும்பி வந்த வாரமே பெரிய பாஸ் வராரு. அதுக்குள்ள தேத்திட்டீங்கன்னா, ஒங்கள பெர்மனன் ஆக்க வேண்டியது என் பொறுப்பு."

அக்கா அதைத் தொழிற்சாலை பஸ்ஸில் மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. "பெத்த புள்ளயக்கூட இப்படித் தூக்கியிருக்க மாட்டீங்க" என்றேன்.

"வாய மூடுடி. இது வெறும் மரமில்ல, என் லெட்டர்" என்றார்.

அன்று மாலை வீட்டில் தொட்டியைத் திருப்பிப் பார்த்தபோது, தண்டின் பின்பக்கம் அடியில், பாசிக்கு மேலே நகம் அளவுக்கு ஒரு கீறல். அக்காவுக்குப் பஸ்ஸில் வரும்போது எங்கே இடித்தோமோ என்று பயம். உள்ளே பச்சையா பழுப்பா என்றுகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், பால்மரம் சீவிய கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் கை முந்திக்கொண்டது. தொட்டி மண்ணையே குழைத்துக் காயத்தின் மேல் பூசிவிட்டார். இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆறு வாரம் அந்த மரத்துக்கு நடந்த சேவகம் இருக்கிறதே! மகள் ரூபினி போனில் பார்த்துச் சொல்வதையெல்லாம் செய்தார். சாப்ஸ்டிக்கை மண்ணில் குத்தி எடுத்து, ஈரமா என்று தடவிப் பார்ப்பார். கூழாங்கல் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் தொட்டியை வைத்தார். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலைக் கழுவி, காலையும் மாலையும் பனிபோல் தெளித்தார். ஒரு வாரம் ஜன்னலோரம், ஒரு வாரம் பால்கனி நிழல். காற்று படக் கூடாது என்று கூடத்து ஃபேனை நிறுத்திவிட, கணவர் பரஞ்சோதி துண்டால் விசிறிக்கொண்டே தொலைக்காட்சி பார்த்தார்.

"எனக்கு முட்டி வலின்னு ஒரு வருஷமா கத்துறேன், திரும்பிப் பாத்தாளா?" என்று என்னிடம் முறையிட்டார்.

நான்காம் வாரம் பச்சை மங்கியது. ஐந்தாம் வாரம் தொட்டாலே ஊசிகள் உதிர்ந்தன. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "நான்தான்டி தண்ணி கூட ஊத்திட்டேன்" என்பார். மறுநாள், "இல்ல, கொறச்சு ஊத்திட்டேன்" என்பார். ஒரு செடிக்காக அவர் அழுததைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரையும் மரத்தையும் இழுத்துக்கொண்டு, லூனாஸ் சாலையில் செடிக்கடை வைத்திருக்கும் எர்னஸ்டிடம் போனேன்.

எர்னஸ்ட் தொட்டியைப் பார்த்ததும் முகம் மாறினார்.

"இது சுகுமாரன் சாரோட மரமாச்சே. லீவுக்கு முன்னாடி இங்கதான் கொண்டு வந்தாரு. செத்துப் போச்சுன்னு அப்பவே சொன்னேனே."

"பச்சையா இருந்துச்சே அண்ணே!" என்றார் அக்கா.

"இந்த ஜாதி அப்படித்தான்க்கா. செத்தாலும் ஒரு மாசம், ரெண்டு மாசம் பச்ச மாறாது. நான் பின்னால நகத்தால கீறி, உள்ள காஞ்சு கெடக்கறத அவர் கண்ணுக்கே காட்டுனேன். எத்தன நாளைக்கு இந்தப் பச்ச தாங்கும்னு கேட்டாரு. ஆறு வாரம்னு சொன்னேன்." அவர் தொட்டியைத் திருப்பினார். "எங்க அந்தக் கீறல்? யாரு இதுல மண்ணு பூசுனது?"

"பஸ்ல இடிச்சிட்டேன்னு நெனச்சு நான்தான்ணே பூசுனேன்" என்றார் அக்கா. மண் பூசிய கதை அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

"நீங்க வந்து ஆபீஸ்ல இதச் சொல்லணும்" என்றேன் எர்னஸ்டிடம். அவர் பூவாளியை எடுத்துக்கொண்டார். "அந்த ஃபேக்டரிக்குப் பூந்தொட்டியெல்லாம் நான்தான் குடுக்கறேன். என் பொழப்புல கை வைக்காதீங்க தங்கச்சி" என்றார். அதற்குமேல் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

சுகுமாரன் திரும்பி வந்த மறுநாள் அக்காவைக் கூப்பிட்டார்கள். நான் வெளியே கண்ணாடி துடைப்பதுபோல் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. ஹெச்ஆர் பெண் ஒருத்தி தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அக்கா என்ற வார்த்தை காணாமல் போய்விட்டது. "இந்த கிளீனர்கிட்டதான் குடுத்துட்டுப் போனேன்" என்றார் சுகுமாரன். பெரிய பாஸிடம் சொல்வதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது அவருக்கு. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அது இதுதான்.

அக்கா பேசினார். அதை நான் எங்கேயும் சொல்வேன். "சார், இது நீங்க குடுக்கறப்பவே செத்த மரம். ஒங்களுக்கும் அது தெரியும்" என்று நேருக்கு நேர் கேட்டார்.

சுகுமாரன் பதற்றப்படவில்லை. தொட்டியைத் திருப்பி, காய்ந்த மண்ணை விரலால் தட்டினார். மண் உதிர்ந்து கீறல் தெரிந்தது.

"மரம் முன்னாடியே செத்துச்சுன்னா, இந்தக் காயத்த எதுக்கு மூடி வெச்சீங்க? யாரு மண்ணு பூசுனது?"

அக்கா மேசையில் உதிர்ந்த மண்ணைப் பழக்கத்தில் கையால் கூட்டினார்.

"நான்தான் சார்."

ஹெச்ஆர் பெண் அதை எழுதிக்கொண்டாள். அடுத்த மாதம் குத்தகை மாறியது. புதுப் பட்டியலில் உமாராணி என்ற பெயர் இல்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் கத்தினேன். "எர்னஸ்ட் பேரச் சொல்லியிருக்கலாம்ல? அவர் கீறுனதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மட்டும்? எங்கப்பாகூடச் சொன்னாரு" என்றார் அக்கா. கையில் உளி இல்லாதபோதும் அவர் கட்டைவிரல் எதையோ தடவிக்கொண்டிருந்தது.

இப்போது அக்கா பாசாரில் மீன் கழுவுகிறார். அவர் துடைத்துவந்த சுகுமாரன் அறையை நான் துடைக்கிறேன். அதே தொட்டியில் இப்போது ஒரு பிளாஸ்டிக் மரம் நிற்கிறது, அசல் மரம்போலவே பச்சை. பெரிய பாஸ் அதன் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார். தினமும் தூசி துடைக்க வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. துடைக்கிறேன். துடைத்து முடித்ததும், தண்டின் பின்பக்கம் நகத்தால் ஒரு கீறல் போடுகிறேன். நேற்றோடு நாற்பத்தொன்று. ஒன்றின் மேலும் நான் மண் பூசவில்லை.